பூட்டுக் கம்பெனி நந்தி

அந்தப் பூட்டுக் கம்பெனியில் அவருக்கு வைத்திருந்த பெயர் நந்தி. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் வாய் நிறைய "சார்" தான். ஆனால் அவர் மாடிப்படியில் கால் வைத்ததுமே "நந்தி வருது" என்று மேஜைக்கு மேஜை தகவல் ஓடிவிடும். அவருக்கும் அது தெரியும். குறுக்கே நிற்கிறவனை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? அந்த அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் குறுக்கே நிற்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

நந்தி என்றதும் ஆளைப் பெரிய உடம்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒடிசலான மனிதர். மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் சட்டை ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக ஆடுவார். மாடிப்படிக்குக் கீழே, ஒரு காலத்தில் சாம்பிள் சாவிகளைக் கொட்டி வைத்திருந்த அறைதான் அவருடைய ராஜ்யம். அங்கே இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடும். அது இயந்திரங்களுக்காகப் போட்டது, அவருக்காக இல்லை. அதனால் ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போதும் நந்தி கம்பளிச் சட்டையோடு வெளியே வருவார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், பாவம், ஏதோ தீராத காய்ச்சல் போலிருக்கிறது என்று இரக்கப்படுவார்கள். அந்த இரக்கம் முதல் தடவை ஒரு பக்கம் திறக்காமல் போகும்வரைக்கும்தான்.

அவர் காவல் காத்தது வெப் கேட்வே என்று ஒன்றை. அது என்னவென்று இங்கேயே சொல்லி வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை முழுக்க எனக்கு மூச்சு வாங்கும். அந்த அலுவலகத்தில் யார் எந்த இணையப் பக்கத்தைக் கேட்டாலும் அது நேரே வெளியே போய்விடாது. முதலில் இதனிடம் போகும். பெண் கொடுக்கப் போகிற வீட்டைப் பற்றித் துருவித் துருவி விசாரிக்கிற பெரியப்பாவைப் போல இது விசாரிக்கும். அந்த முகவரி யாருடையது, எத்தனை நாளாக இருக்கிறது, இதற்கு முன் யார் தலையிலாவது மிளகாய் அரைத்திருக்கிறதா, அங்கிருந்து இறங்குகிற கோப்புக்குள் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா, போகிறவன் நம் வீட்டுச் சங்கதியை மடியில் கட்டிக்கொண்டு போகிறானா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் விடும். சந்தேகம் வந்துவிட்டால் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு பக்கத்தைக் காட்டும். 'இந்தப் பக்கம் தடுக்கப்பட்டுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று அதில் எழுதியவர் நந்திதான். கீழே தன் மேஜைத் தொலைபேசியின் எண்ணையும் போட்டிருந்தார். வருந்துறாராம், மூஞ்சியப் பாரு என்று அதற்கும் திட்டு விழுந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனி ஊருக்கெல்லாம் பூட்டு விற்றுத்தான் பிழைத்தது. யாரையும் நம்பாதீர்கள், கதவைப் பூட்டுங்கள் என்று சுவரெல்லாம் விளம்பரம். தங்கள் மேல் ஒரு பூட்டு விழுந்ததும் அத்தனை பேருக்கும் ரத்தம் கொதித்தது. புதுப் பூட்டு வடிவமைக்கிற பொறியாளர் ஒருநாள் மூக்குச் சிவக்க வந்து நின்றார்.

"சார், பூட்டை உடைக்கிற வீடியோ எல்லாத்தையும் மூடி வெச்சிருக்கீங்க. திருடன் எப்படித் திறக்கிறான்னு பார்த்தாத்தானே நான் திறக்க முடியாத பூட்டு செய்ய முடியும்?"

"நியாயந்தான். இதையே எழுதி, மேனேஜர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

"நியாயம்னு நீங்களே சொல்றீங்களே, அப்புறம் எதுக்குக் கையெழுத்து?"

"நாளைக்கு வேற ஒருத்தர் வந்து இதே நியாயத்தைச் சொல்லுவாரே, அதுக்கு."

இந்த மனிதரோடு யாரால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியும்? உணவறையில் அவர் டப்பாவைத் திறந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிடும். நடந்துகொண்டிருந்த பேச்சு அப்படியே நின்றுவிடும். யார் எதைத் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்ற பயம். உண்மையில் தெரியும்தான். ஸ்டோர் மேனேஜர் வழுக்கைக்கு மருந்து தேடுவதும் தெரியும், வரவேற்பறைப் பெண் வேறு வேலை தேடுவதும் தெரியும். எதையும் அவர் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதற்காக யார் வந்து நன்றி சொல்வார்கள்? நடக்காமல் போன விபத்துக்கும் யாரும் மாலை போடுவதில்லை. அந்த வருத்தம் அவருக்கு உள்ளுக்குள் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

இத்தனை கறாரும் அலுவலக வாசலோடு சரி. வீட்டில் அனுமதி கேட்கிற இடத்தில் அவர்தான் நின்றார். இரண்டாவது கோப்பைத் தேநீருக்கு, டிவி ரிமோட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் தூங்குவதற்கு, எல்லாவற்றுக்கும். கொடுக்கிறவள் மனைவி. அவளும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். பணப் பட்டுவாடாப் பிரிவில் கேஷியர். கம்பெனியின் வங்கிக் கணக்கைத் திறக்கிற ரகசியச் சொல் முதலாளிக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பைசாக் கணக்குத் தவறியதில்லை என்பது கேஷியரம்மாவின் பெருமை. அதைச் சொல்லும்போது கழுத்து அரை அங்குலம் நீளும்.

அவளுக்கு ஒரே தம்பி. விற்பனைப் பிரிவில் இருந்தான். கல்லோடு பேசினாலும் கல் ஒரு டஜன் பூட்டு வாங்கிக்கொண்டு போகும், அப்படி ஒரு வாய். ஒருநாள் அந்த வாய் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று குழைந்தது.

"அத்தான், ஒரு சின்ன உதவி. என் லேப்டாப்பை மட்டும் அந்த விதிவிலக்குல போட்டு விட்டுடுங்க. முதலாளி கம்ப்யூட்டர் மாதிரி நேரா வெளிய போகட்டும். ஒருத்தருக்கும் தெரியாது."

முதலாளியின் கம்ப்யூட்டர் மட்டும் கேட்வேக்குக் கட்டுப்படாது. என் கம்பெனியில் என்னையே விசாரிப்பதா என்று அவர் ஆகாசத்துக்கும் பூமிக்குமாகக் குதித்ததால் வந்த ஏற்பாடு அது. நந்தி அதைத் தொண்டையில் சிக்கிய முள்ளாகத்தான் வைத்திருந்தார்.

"எந்தப் பக்கம் வேணும்னு சொல்லு. பார்த்துட்டு அதை மட்டும் திறந்து விடுறேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? கஸ்டமர் எதை அனுப்புறானோ அதைத்தானே பார்க்கணும்!"

"அவன் அனுப்பினதும் வந்து சொல்லு."

"நான் என்ன வெளி ஆளா அத்தான்?"

"கேட்வேக்கு அத்தான், மச்சான் எல்லாம் தெரியாதுப்பா."

அவர் சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்று மாலை அந்தச் சொல் அவருக்கு முன்பே கேஷியரம்மாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது, அதுவும் கண், காது, மூக்கெல்லாம் முளைத்து. மனைவி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் தம்பி உங்ககிட்ட என்ன சொத்தா எழுதிக் கேட்டான்? ஊர்ல எவன் எவனுக்கோ என்னென்னவோ செய்யறாங்க. நீங்க ஒரு பட்டனை அமுக்க மாட்டீங்களா?"

"அது ஒரு பட்டன் விஷயம் இல்லம்மா..."

"சரி. இனிமே நமக்குள்ள பேச்சு இல்ல."

அன்றோடு பேச்சு நின்றது. வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலைக்கு வருகிறவள், மறுநாள் காலை பஸ் ஏறிப் போனாள். சோறு தட்டில் விழுந்தது, ஆனால் விழுகிற சத்தத்திலேயே சேதி இருந்தது. உப்புப் போதவில்லை என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. தகவல் எல்லாம் மகள் வழியாகத்தான் போய் வந்தது. "அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீரப் போகுதுன்னு." அப்பா அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். மகள் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வைஃபையா?" என்று கேட்டுவிட்டுப் படிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு வீட்டில் அந்தச் சத்தமும் இல்லை.

இப்படி ஒரு வாரம் ஓடியபோதுதான் அந்த மெயில் வந்தது. நேரே கேஷியரம்மாவுக்கு, முதலாளி பெயரில். வங்கி புதுப் பக்கத்துக்கு மாறிவிட்டது, கீழே உள்ள இணைப்பில் போய் ரகசியச் சொல்லைப் போட்டு மதியத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் கணக்கு முடங்கிவிடும், நான் மீட்டிங்கில் இருக்கிறேன், கூப்பிட வேண்டாம் என்று இருந்தது. மறுநாள் சம்பள நாள். தொழிற்சாலை முழுவதற்குமான சம்பளம் அந்தக் கணக்கில்தான் கிடந்தது. கணக்கு முடங்கினால் அத்தனை வீட்டிலும் அடுப்பு யோசித்துத்தான் எரியும். கேஷியரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். இணைப்பை அமுக்கினாள்.

சிவப்புக் கட்டம் வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.

மறுபடி அமுக்கினாள். மறுபடியும் வருந்தினார்கள். பலமாக அமுக்கினால் திறக்கும் என்பதுபோல் கணினி எலியின் முதுகு உடையும் அளவுக்கு அமுக்கினாள். பணப் பிரிவுக்குள் கைப்பேசிக்கு அனுமதி கிடையாது, அதனால் அந்த வழியும் இல்லை. சிவப்புக் கட்டத்தின் கீழே புருஷனுடைய எண் பளிச்சென்று இருந்தது. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த எண்ணைச் சுழற்றி, ஏங்க, இது என்னன்னு பாருங்களேன் என்று கேட்டிருப்பாள். ஆனால் பேச்சு இல்லை என்று சொன்னவள் இவளல்லவா? கம்பெனி முழுகினாலும் சரி, முதலில் பேசுவது அவளாக இருக்க முடியாது.

மாடியேறித் தம்பியின் மேஜைக்குப் போனாள். "உன் லேப்டாப்புல இதைத் திறந்து பாருடா." அங்கேயும் அதே சிவப்பு.

"பார்த்தியாக்கா? அன்னைக்கே என்னுதை விட்டிருந்தா இப்ப உன் வேலை முடிஞ்சிருக்கும். பேங்கையே மூடி வெச்சிருக்காரு மனுஷன்!"

பேங்கையே மூடிவிட்டார் என்ற சொல் மாடி முழுவதும் பரவ எவ்வளவு நேரம் பிடிக்கும்? முறைப்படி புகார் கொடுத்துவிடுவது என்று அக்காளும் தம்பியும் முதலாளி அறைக்குக் கிளம்பினார்கள். பின்னால் ஸ்டோர் மேனேஜர் சேர்ந்துகொண்டார். கையெழுத்து வாங்க அலைந்த பொறியாளர் சேர்ந்துகொண்டார். எந்தப் பக்கமும் மூடப்படாத இரண்டு பேர்கூட, கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி அப்போதுதான் மீட்டிங் முடிந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"சார், கம்ப்யூட்டர் பிரிவு மேல ஒரு புகார். பேங்க் பக்கத்தைத் தடுத்து வெச்சிருக்காங்க. மதியத்துக்குள்ள உள்ள போகலைன்னா கணக்கு முடங்கிடும்." தன் புருஷனை 'கம்ப்யூட்டர் பிரிவு' என்று சொல்லும்போது கேஷியரம்மாவின் குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

முதலாளிக்குக் கணக்கு முடங்கும் என்ற மூன்றாவது வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. "கூப்பிடு அந்த ஆளை!" என்று மேஜையைத் தட்டினார். தட்டிவிட்டு, "அவன் வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? அந்தப் பக்கத்தோட லிங்க்கை எனக்கு அனுப்பும்மா. என் கம்ப்யூட்டரை எவனும் தடுக்க முடியாது" என்றார்.

கீழே நந்தி அந்தச் சிவப்புக் கட்டத்தின் காரணத்தைத் தன் திரையில் படித்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் இரண்டு கணினிகள் ஒரே முகவரியின் கதவைப் போட்டு இடிப்பது அவர் கண்ணில் பட்டிருந்தது. படித்தவர், யாரும் கூப்பிட வருவதற்கு முன்பே கம்பளிச் சட்டையோடு படியேறி ஓடினார். மூச்சு இரைக்க உள்ளே நுழைந்தபோது, முதலாளியின் பெரிய திரையில் அந்தப் பக்கம் ஜம்மென்று திறந்திருந்தது. வங்கியின் அதே நிறம், அதே சின்னம். ஸ்டோர் மேனேஜர், "திறக்குதே, திறக்குதே!" என்று பூரித்துப்போனார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுக்க, கேஷியரம்மா உட்கார்ந்து ரகசியச் சொல்லின் முதல் எழுத்துக்கு விரலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

நந்தி ஒரு நொடி நின்றார். அவரும் மனிதன்தானே. இது முதலாளியின் கம்ப்யூட்டர், அவர் காவலுக்கு வெளியே இருப்பது. சும்மா இருந்தால் அவரை யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. குறுக்கே போனால் முதலாளியின் கோபம், மைத்துனனின் சிரிப்பு, அதற்குப் பிறகு வீட்டில் இன்னும் எத்தனை வாரமோ.

"கையை எடு!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தார். விசைப்பலகைக்கும் மனைவிக்கும் நடுவில் மேஜைமேல் அப்படியே கவிழ்ந்தார். ஒரு வாரம் கழித்து மனைவியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பாருங்க சார், பாருங்க!" என்றாள் மனைவி. அவள் அப்போதும் அவரோடு பேசவில்லை.

"யோவ், எழுந்திருய்யா! பைத்தியமா உனக்கு?"

"சார், ஒரே ஒரு கேள்வி" என்றார் நந்தி, விசைப்பலகையைக் கட்டிப் பிடித்தபடி. "நம்ம பேங்க் எத்தனை காலமா இருக்கு?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கு. அதுக்கென்ன?"

"இந்தப் பேங்க் முந்தாநாள்தான் சார் பொறந்துச்சு. இந்த முகவரியை எவனோ முந்தாநாள்தான் பதிவு செஞ்சிருக்கான். இன்னும் கழுத்தே நிக்கலை, அதுக்குள்ள நம்ம பாஸ்வேர்டு கேட்குது. அதான் கேட்வே உள்ள விடலை."

"அப்ப இதை யாரு அனுப்பினது?"

"உங்க பேர்லதானே சார் மெயில் வந்துச்சு!" என்றாள் கேஷியரம்மா.

"நான் அனுப்பவே இல்லையே!"

மைத்துனனுக்கு அவசரமாக ஏதோ ஒரு கஸ்டமர் ஞாபகம் வந்து ஆள் காணாமல் போனான். ஸ்டோர் மேனேஜர் கூரையைப் பார்த்தார். கேஷியரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். சம்பளம் முழுவதையும், அத்தனை வருட நல்ல பெயரையும் ஒரு விரல் நுனியில் கொடுத்துவிட இருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலாளிக்கும் உறைத்தது. தானே திறந்து கொடுத்தது ஞாபகம் வந்ததால், கோபத்தை இறக்கி வைக்க வேறு இடம் தேடினார். "ஏம்மா, சாவியை உன்னை நம்பித்தானே கொடுத்தேன்? யாருன்னு பார்க்காம இதை அமுக்கினியா?"

நந்தி மேஜையிலிருந்து இறங்கினார். கம்பளிச் சட்டையைச் சரி செய்துகொண்டார். பிறகு, யார் என்ன கேட்டாலும் எழுதிக் கொண்டுவா என்கிற அந்த மனிதர், வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

"அவங்க அமுக்கலை சார். மெயிலைப் பார்த்ததுமே அவங்களுக்குச் சந்தேகம். என்னைத்தான் கூப்பிட்டாங்க. உங்ககிட்ட நேர்ல காட்டிடலாம்னு நான்தான் வரச் சொன்னேன்."

முதலாளியின் முகம் தெளிந்தது. "அதானே பார்த்தேன்! கேஷியரம்மாவாவது, ஏமாறுறதாவது!" நின்றிருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சற்று முன் அவள் புகார் சொன்னது முதலாளிக்கு மறந்தே போனது. எல்லாருக்கும் வசதியான பொய். அப்படியே விட்டிருந்தால் அன்று சாயங்காலம் அவளுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்திருக்கும்.

கேஷியரம்மா புருஷனையே பார்த்தாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"இல்ல சார். இவர் சொல்றது பொய். நான் யாரையும் கூப்பிடலை. எத்தனை தடவை அமுக்கினேன்னு எனக்கே தெரியாது. என் கம்ப்யூட்டர்ல திறக்கலைன்னு தம்பி கம்ப்யூட்டர்ல பார்த்தேன், அங்கயும் திறக்கலைன்னுதான் இங்க வந்தேன். இவர் வந்து விழலைன்னா பாஸ்வேர்டைப் போட்டிருப்பேன்." குரல் உடைந்தது. "தப்பு என்னுது. எனக்காக யாரும் வாசலைத் திறந்து விட வேண்டாம்."

முதலாளி தன் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். இனி எந்தப் பணமும் இரண்டு பேர் பார்த்த பிறகுதான் போக வேண்டும் என்றார். கேஷியரம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். தனியாக அவளிடம் இருந்த சாவி அன்றோடு பாதியானது. அவளுக்கு அது வலித்தது. வெளியே போகிறவரை நந்தியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எல்லாரும் போன பிறகு முதலாளி நந்தியை மட்டும் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தக் கம்ப்யூட்டரையும் உன் கேட்வேக்குள்ள போட்டுடு. இதுக்கும் எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்டார். "கொடுத்தா நல்லது சார்" என்றார் நந்தி. முதலாளி எழுதிக் கொடுத்தார்.

மாலையில் நந்தி வண்டியை எடுக்கும்போது அவள் வந்து பின்னால் உட்கார்ந்தாள். மேம்பாலம் ஏறி இறங்கும்வரை வாய் திறக்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றதும், முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"உன் வேலை போயிடுமோன்னு பயந்துட்டேம்மா."

"போனாப் போகட்டும். உங்களை ஊரே திட்டும். நானே திட்டியிருக்கேன். ஆனா இந்த ஆள் யாருக்காகவும் மாத்திப் பேச மாட்டாருன்னு மனசுக்குள்ள எல்லாருக்கும் ஒரு தைரியம் இருக்கு, எனக்கும் இருக்கு. நீங்களும் ஆளுக்குத் தகுந்த மாதிரி பேச ஆரம்பிச்சுட்டா, நான் யாரை நம்பி அமுக்குறது?"

நந்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் தன் வேலைக்கு அவர் வாங்கிய ஒரே நற்சாட்சி அது. அதையும் திட்டாகத்தான் வாங்கினார்.

"இனிமே சொல்ல மாட்டேன்."

"சொன்னீங்க, தெரியும் சேதி! அதுவும் எல்லார் முன்னாடியும் மேஜைமேல அப்படியா விழுறது? சட்டையெல்லாம் ஸ்டாம்ப் மசி. அந்தக் கம்பளியைத் துவைச்சு எத்தனை மாசம் ஆச்சு? என் தம்பிகிட்டயும் அப்படியா வெடுக்குன்னு பேசுவாங்க, கொஞ்சம் பதமா சொல்லியிருந்தா என்ன? சோத்துல உப்பு இல்லைன்னு தெரியுதில்ல, வாயைத் திறந்து கேட்டா என்ன..."

ஒரு வாரப் பாக்கி முழுவதும் பின்னாலிருந்து கொட்டிக்கொண்டே வந்தது. விளக்கு எப்போதோ பச்சைக்கு மாறிவிட்டது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் அலறின. அவர் ஒன்றுக்கும் அசையாமல், ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாதென்று, சாலைக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.